மடியில் இருவருக்கும் இடம் உண்டு

(நாகபுரியில் நமது கிளை நடத்திய குடும்ப தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது கிளைச் செயலாளர் போன மாதம் என் வீட்டுக்கு வந்து, "மாமா, நீங்க சயின்ஸ் படிச்சவர். சின்னக் குழந்தைகள் வளர்ப்பைப் பத்தி ஏதாவது சொல்லுங்கோ. எல்லா வீட்லயும் ரெண்டு குழந்தை, எப்பப் பார்த்தாலும் சண்டை" என்றார். நான் வைத்தியன் அல்ல; மனோதத்துவ நிபுணனும் அல்ல. விலங்கியலில் பி.எஸ்ஸி. பட்டம் வாங்கிவிட்டு, அதற்குச் சற்றும் சம்பந்தமில்லாத மத்திய அரசு இலாகா ஒன்றில் 36 வருஷம் கோப்புப் பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், மூன்று பேரக்குழந்தைகளுக்குத் தாத்தா. இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் ஒரே தகுதி, நான் தப்புச் செய்திருக்கிறேன் என்பதுதான். அந்தத் தகுதியில் பேசுகிறேன்.

முதலில் நமக்கெல்லாம் தெரிந்த துருவ சரித்திரத்தை எடுத்துக்கொள்வோம். உத்தானபாத மகாராஜாவுக்கு சுநீதி, சுருசி என்று இரண்டு மனைவியர். சுருசியின் பிள்ளை உத்தமன் தகப்பனார் மடியில் உட்கார்ந்திருக்கிறான். ஐந்து வயதுக் குழந்தை துருவன் தானும் ஏற வருகிறான். சுருசி தடுத்து, கடுஞ்சொல் சொல்கிறாள். ராஜா வாய் திறக்கவில்லை. குழந்தை அழுதுகொண்டு அம்மாவிடம் போகிறான்; பிறகு காட்டுக்குத் தவம் செய்யப் போகிறான். உபன்யாசங்களில் நாம் தவத்தையும் துருவ நட்சத்திரத்தையும் கேட்டு மெய்சிலிர்த்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம்.

நான் உங்களைக் கேட்க விரும்புவது ஒன்றுதான். இந்தக் கதையில் இரண்டு குழந்தைகளும் எங்கே சண்டை போட்டார்கள்? உத்தமன் ஒரு வார்த்தை பேசியதாக இல்லை. பாகவதத்தில் பின்னால் ஒரு கட்டம் வருகிறது. உத்தமன் வேட்டையாடப் போன இடத்தில் ஒரு யட்சனால் கொல்லப்படுகிறான். அதைக் கேட்ட துருவன், தம்பியைக் கொன்றவர்கள் மேல் கோபம் கொண்டு யட்சர்களோடு பெரிய யுத்தமே செய்கிறான். பாட்டனாரான ஸ்வாயம்புவ மனு வந்து சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது. மடியில் இடம் கிடைக்காத அந்தக் குழந்தை, இடம் கிடைத்த குழந்தையை வெறுக்கவே இல்லை. பேதத்தை உண்டாக்கியவள் ஒரு பெரியவள். பேசாமல் இருந்து அதற்குத் துணை போனவர் இன்னொரு பெரியவர். நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இவ்வளவுதான்.

அதற்காகப் பொறாமையே நம்மால்தான் வருகிறது என்று நான் சொல்லவில்லை. அது இயற்கை. வயல்களில் மாடுகளின் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது ஓரிரு நாள் இடைவெளி விட்டு முட்டைகள் இடுகிறது. ஆனால் முதல் முட்டையிலிருந்தே அடைகாக்க ஆரம்பித்துவிடுகிறது. ஆகவே மூத்த குஞ்சு முதலில் பொரிந்து முதலில் வளர்ந்துவிடுகிறது. இரை வரும்போது மூத்தது இளையதைக் கொத்தி விரட்டும். தாயும் தகப்பனும் பக்கத்தில் நின்றுகொண்டே தடுக்காமல் இருக்கும். இரை குறைவான காலத்தில் கடைக்குட்டி பிழைப்பதே அரிது.

இதற்கு உயிரியலில் விளக்கம் இருக்கிறது. ராபர்ட் டிரிவர்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1974-ல் எழுதிய கட்டுரை பிரசித்தமானது. உடன்பிறந்தவர்களுக்குள் பாதியளவு மரபணுக்கள் பொது. பெற்றோருக்கு எல்லாக் குழந்தைகளும் சமம். ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் தானே தனக்கு முழுமையாக நெருக்கம், உடன்பிறந்தவர் பாதிதான். எனவே பெற்றோர் கொடுக்க நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஒவ்வொரு குழந்தையும் கேட்கும். ஆகவே உங்கள் வீட்டில் இரண்டும் அடித்துக்கொண்டால், "என் வளர்ப்பு சரியில்லையோ" என்று யாரும் மனம் கலங்க வேண்டாம். கொக்குக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம், நாம் பக்கத்தில் நின்று என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது.

ஆல்பிரட் ஆட்லர் என்ற வியன்னா நகரத்து மருத்துவர் (1870–1937) ஓர் உவமை சொன்னார். தம்பியோ தங்கையோ பிறந்ததும் மூத்த குழந்தை, சிம்மாசனத்திலிருந்து இறக்கப்பட்ட ராஜாவைப் போல ஆகிவிடுகிறது என்றார். அவரும் ஒரு தமையனுக்குப் பின் பிறந்தவர். அந்த உவமை எவ்வளவு பொருத்தம் என்பதை 2019-ல் என் சின்னப் பிள்ளையின் புனே வீட்டில் நேரில் பார்த்தேன்.

பேரன் பிறந்தபோது பேத்திக்கு நாலு வயது. புண்யாஹவாசனத்துக்கு உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் வாசலில் நின்ற பேத்தியைத் தாண்டி நேராகத் தொட்டிலுக்குப் போனார்கள். வெள்ளிக் கிண்ணம், தண்டை, சட்டை எல்லாம் பாப்பாவுக்கு. போதாக்குறைக்கு ஒரு மாமி, பேத்தியின் கன்னத்தைக் கிள்ளி, "இனிமே உன் சீட்டு கிழிஞ்சுதுடி!" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பேத்தி சிரிக்கவில்லை.

ஒரு வாரத்தில் அவள் மறுபடி படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். பாலைப் புட்டியில்தான் குடிப்பேன் என்றாள். பாப்பாவுக்கு முத்தம் கொடுப்பதுபோலக் குனிந்து, தொடையில் கிள்ளிவிட்டு ஓடினாள். என் மனைவி, "நாலு வயசுக் கழுதை, வெக்கமா இல்லே?" என்று அதட்டினாள். கிள்ளுவது இரண்டு மடங்காயிற்று.

என் மாட்டுப்பெண் கெட்டிக்காரி. அவள் அதட்டவில்லை. ஒரு நாள் பாப்பா அழுதபோது பேத்தியைக் கூப்பிட்டு, "இவன் ஏன் அழறான்னு எனக்குத் தெரியலை. உனக்கு என்ன தோணறது? பசியா இருக்குமா, இல்லை, சத்தம் கேட்டுப் பயந்துட்டானா?" என்று யோசனை கேட்டாள். பேத்தி தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "ஃபேன் வேகமாச் சுத்தறது, அவனுக்குக் குளுர்றது" என்றாள். விசிறியைக் குறைத்தார்கள். பாப்பா உடனே நிறுத்தினானா என்றால், இல்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஆனால் அன்றிலிருந்து பாப்பாவின் அழுகைக்கு அர்த்தம் சொல்லும் உத்தியோகம் பேத்தியுடையதாகிவிட்டது.

நான் ஊர் திரும்பியபின் புத்தகங்களைப் புரட்டினேன். ஜூடி டன், கரோல் கென்ட்ரிக் என்ற இருவர், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் 40 குடும்பங்களை, இரண்டாவது குழந்தை பிறப்பதற்கு முன்பிருந்தே கவனித்து 1982-ல் ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார்கள். கைக்குழந்தையையும் ஆசாபாசமுள்ள ஒரு மனுஷ ஜீவனாக நினைத்து, அதன் தேவை என்ன என்று மூத்த குழந்தையோடு ஆரம்பத்திலேயே பேசிய தாய்மார்களின் வீடுகளில், ஓராண்டுக்கு மேல் கழிந்த பின்னும் குழந்தைகளுக்குள் சிநேகம் அதிகமாக இருந்ததாம். என் மாட்டுப்பெண் அந்தப் புத்தகத்தைப் படித்தவள் அல்ல. அவளுக்கு அது தானாகவே தெரிந்திருந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2022 கோடை விடுமுறையில் புனே வீட்டில் நாங்கள் எல்லோரும் கூடியிருந்தோம். பெங்களூரிலிருந்து என் பெரிய பிள்ளையும் வந்திருந்தான். பேத்திக்கு ஏழு வயது, பேரனுக்கு மூன்று. பேத்தி அரை மணி நேரம் பாடுபட்டு வண்ணப் பென்சில்களை வரிசையாக அடுக்கி ஒரு கோபுரம் வரைந்து கொண்டிருந்தாள். பேரன் வந்து சிவப்புப் பென்சிலைப் பிடுங்கினான். அவள் தள்ளினாள். அவன் விழுந்து வீறிட்டான். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே தீர்ப்புச் சொன்னேன்: "நீ பெரியவதானேடி, விட்டுக் குடு."

பேத்தி பென்சிலைக் கொடுத்தாள். கோபுரத்தைக் கிழித்தாள். என் பெரிய பிள்ளை ஒன்றும் பேசாமல் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் வந்து தணிந்த குரலில், "அப்பா, அவளை அந்த வார்த்தை மட்டும் சொல்லாதீங்கோ" என்றான். அவனுக்கு அப்போது 43 வயது.

எனக்குச் சட்டென்று ஜபல்பூர் குவார்ட்டர்ஸ் ஞாபகம் வந்தது. 1990. பெரியவன் ஆறாம் வகுப்புக்குப் போனதற்காக ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். எட்டு வயதுச் சின்னவன் தனக்கும் வேண்டும் என்று அழுதான். இரண்டு சைக்கிள் வாங்க அந்தச் சம்பளம் இடம் கொடுக்கவில்லை. "நீ பெரியவன்தானேடா, தம்பிக்கும் விடு" என்றேன். கால் எட்டாத சின்னவன் அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் தள்ளி முன்சக்கரத்தை வளைத்துவிட்டான். "நீ ஏன் பார்த்துக்கலை?" என்று நான் அடித்தது பெரியவனை.

என் உத்தியோகத்தில் எத்தனையோ துறை விசாரணைகளை நடத்தியிருக்கிறேன். ஒரு குமாஸ்தா பத்து ரூபாய் கணக்கில் தவறினால்கூட அவனுக்கு மெமோ கொடுத்து, விளக்கம் கேட்டு, சாட்சியை விசாரித்து, அப்புறம்தான் உத்தரவு. இரு தரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது இயற்கை நியாயத்தின் முதல் பாடம். அதே நான் வீட்டில் பெரியவன் மேல் வருஷக்கணக்காக எக்ஸ்பார்ட்டி உத்தரவு போட்டிருக்கிறேன். அவன் செய்த குற்றம், முதலில் பிறந்தது.

சின்னவனுக்காவது நல்லது செய்தேனா என்றால் அதுவும் இல்லை. ஒவ்வொரு பரீட்சைக்கும், "அண்ணாவைப் பார், கணக்கில நூத்துக்கு நூறு. உனக்கென்ன கேடு?" என்பேன். ஆக, விட்டுக்கொடுக்கச் சொல்லிப் பெரியவனுக்குத் தம்பி மேல் கசப்பையும், மார்க்கைக் காட்டிச் சின்னவனுக்கு அண்ணா மேல் கசப்பையும், நானே என் கையால் ஊட்டினேன். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள், நல்ல உத்தியோகம். சண்டை ஒன்றும் கிடையாது. ஆனால் தீபாவளிக்குத் தீபாவளி "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று போனில் கேட்டுக்கொள்வதோடு சரி. நாங்கள் இருவரும் போன பிறகு அந்தப் போனும் இருக்குமா என்று என் மனைவி சில ராத்திரி கேட்பாள். பெரியவனுக்கு ஒரே பெண். "இன்னொண்ணு வேண்டாமாடா?" என்று நாங்கள் கேட்டபோதெல்லாம் சிரித்து மழுப்பிவிடுவான். அந்த பால்கனி ராத்திரிக்குப் பிறகு நான் அதைப் பற்றி நிறைய யோசித்தேன்.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது இருவரையும் வைத்துக்கொண்டு, "அந்த ஜபல்பூர் சைக்கிள் விஷயத்தில நான் பண்ணினது தப்புடா" என்றேன். சின்னவன், "எந்த சைக்கிள்?" என்றான். பெரியவன், "உனக்கு எப்படி ஞாபகம் இருக்கும், சாக்கடையில தள்ளினவன் நீதானே" என்றான். இருவரும் சிரித்தார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் பேசவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் இருவருமாகக் கடைக்குப் போய் பேத்திக்கு ஒரு பெட்டி, பேரனுக்கு ஒரு பெட்டி வண்ணப் பென்சில் வாங்கி வந்தார்கள்.

அன்பர்களே, 32 வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்பதைவிட முதலிலேயே ஜாக்கிரதையாக இருப்பது சுலபம். எனக்குத் தெரிந்த சில யோசனைகளைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது பிரசவத்துக்கு முன்பே மூத்த குழந்தையைத் தயார் செய்யுங்கள். ஆறேழு மாதக் கருவுக்கு வெளிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். "உன் குரல் பாப்பாவுக்குக் கேக்கும், ஒரு ஸ்லோகம் சொல்லு" என்றால் குழந்தைக்குப் பெருமை பிடிபடாது. பிறந்தகம் போகும் வழக்கம் உள்ளவர்கள், மூத்ததை மாதக்கணக்கில் வேறு ஊரில் விட்டுவைத்து, திரும்பி வரும்போது அம்மா மடியில் வேறொருவரைக் காட்டாதீர்கள். பள்ளிக்கூடம் சேர்ப்பது, தனியே படுக்க வைப்பது இவற்றையும் அதே சமயத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பாப்பா பார்க்கப் போகும் வீட்டில் முதலில் மூத்த குழந்தையோடு பேசுங்கள். "உன் தம்பியை எனக்குக் காட்டறியா?" என்று கேளுங்கள். அதற்கும் ஒரு சின்னப் புத்தகமோ பொம்மையோ கையில் இருக்கட்டும். "சீட்டு கிழிஞ்சுது", "மவுசு போச்சு" போன்ற ஹாஸ்யங்களை அறவே விட்டுவிடுங்கள். நமக்கு அது ஹாஸ்யம், குழந்தைக்கு அது செய்தி.

படுக்கை நனைப்பது, புட்டி கேட்பது, மழலை பேசுவது இவையெல்லாம் "நானும் பாப்பாதானே?" என்ற கேள்விதான். பரிகாசம் செய்யாமல் கொஞ்ச நாள் இடம் கொடுத்தால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆனால் எவ்வளவு சமர்த்தான குழந்தையானாலும், ஐந்து வயதுக்கு உட்பட்டதைக் கைக்குழந்தையோடு தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். அதற்குத் தன் பலம் தெரியாது.

தினமும் கால் மணி நேரமாவது ஒவ்வொரு குழந்தைக்கும் அம்மாவோ அப்பாவோ தனியாகக் கிடைக்க வேண்டும். அந்த நேரத்தில் செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். நாங்கள் கூடப்பிறந்தவர்கள் ஏழு பேர். அப்பளத்துக்கும் பாலாடைக்கும் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை. ஆனால் அம்மா மடி கிடைக்காவிட்டால் பாட்டி மடி, அது இல்லாவிட்டால் அத்தை மடி. இன்றைய வீட்டில் இருப்பது இரண்டே மடி, அதிலும் பாதி நேரம் லாப்டாப் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே தாத்தா பாட்டிகளாகிய நாம் போகிற இடத்தில் நம் மடியைக் காலியாக வைத்திருப்போம். "தாத்தா செல்லம்", "பாட்டி செல்லம்" என்று கட்சி பிரிக்க வேண்டாம்.

சண்டை வந்தால், அடிதடி ஆகும்வரை பெரியவர்கள் உள்ளே நுழைய வேண்டாம். அடிதடி ஆனால் இருவரையும் பிரித்து உட்கார வையுங்கள். "யார் ஆரம்பிச்சது?" என்று கேட்காதீர்கள். நான் விசாரணை அதிகாரியாக இருந்தவன், சொல்கிறேன்: அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்காது, பொய் சாட்சிதான் பழகும். "ரெண்டு பேருக்கும் கோபம் இருக்கு. ஒரே பென்சில். என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்கோ" என்று கேட்டுப் பாருங்கள். பங்கு போடும் விஷயத்துக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. ஒருவர் போளியை இரண்டாக வெட்டட்டும், மற்றவர் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். வெட்டுகிற குழந்தையின் கை தராசு மாதிரி நிற்பதைப் பார்ப்பீர்கள்.

ஒப்பிடாதீர்கள். மார்க்கில், பாட்டில், ஸ்லோகம் சொல்வதில், நிறத்தில், சாப்பிடுவதில் எதிலும் வேண்டாம். நம் வீடுகளில் இந்த வியாதி கொஞ்சம் அதிகம். "இவன் கணக்கில புலி, இவ பாட்டில குயில்" என்று பட்டம் கட்டுவதும் ஒப்பிடுவதுதான். புலிக்குப் பாட ஆசை வந்தால் எங்கே போகும்? இருவருக்கும் எல்லாம் ஒரே மாதிரி செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒருத்திக்குச் செருப்பு அறுந்தால் அவளுக்குத்தான் செருப்பு. அவரவருக்கு வேண்டியது வேண்டிய நேரத்தில் கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்துவிட்டால் போதும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு குழந்தை மற்றதைத் திரும்பத் திரும்பக் காயப்படுத்தினாலோ, தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் மாறிப்போனாலோ, குழந்தை மருத்துவரிடம் கூச்சமில்லாமல் அழைத்துப் போங்கள். பெரியவர்கள் சமாளிக்கப் பார்த்தும் முடியாதபோது கேட்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

முடிக்கிறேன். போன தீபாவளியன்று காலையில் என் பெரிய பிள்ளை போன் செய்தான். வழக்கமாக எனக்குச் செய்துவிட்டு அப்புறம்தான் தம்பிக்குச் செய்வான். அன்று, "முதல்ல அவன்கிட்ட பேசிட்டேன்ப்பா, அரை மணி ஆயிடுத்து, அதான் லேட்" என்றான். அரை மணி என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. விசாரணை நடத்துவதை நான் விட்டுவிட்டேன்.